ஒரு மேசைக் கால், ஒரு கடைசல் லேத், ஒரு முறுக்கு மில்

பொள்ளாச்சியில் மாமனார் வீட்டுத் திண்ணையில் ஒரு தேக்கு மேசை இருக்கிறது. நான்கு காலும் கயிறு திரித்தது போல் இரட்டைப் புரியாகச் சுற்றி இறங்கும். நான்கு என்பது பழைய கணக்கு. பின்பக்கத்து இடது காலைக் கரையான் உள்ளே காலி செய்துவிட, போன மழைக்காலத்தில் அது கையோடு வந்துவிட்டது. மாமா அதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, அந்த மூலைக்கு ஒரு வேப்பங்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். பொங்கலுக்குப் போனபோது, "நான் செய்து தருகிறேன் மாமா" என்று வாயை விட்டேன். கோயம்புத்தூரில் பகலில் பம்ப் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மரவேலை என்று இருப்பவனுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான்.

மீதமிருந்த கால்களை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். மொத்த நீளம் 620 மி.மீ. மேலே சட்டம் சேரும் 55 மி.மீ. சதுரக் கட்டை 110, அதன் கீழே வளையமும் மணியும் 38, முறுக்கு 384, மறுபடி ஒரு வளையம் 24, பாதம் 64. முறுக்குப் பகுதியின் விட்டம் 50. ஒரு புரியைத் தொடர்ந்து போனால், ஒரு முழுச் சுற்றுக்கு 96 மி.மீ. கீழே இறங்குகிறது. பட்டறைப் பேச்சில் இதற்கு லீடு. இரண்டு புரி என்பதால் பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே 48. எல்லாவற்றையும் எழுதியவன் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

என்னிடம் இரண்டு இயந்திரங்கள் உண்டு. ஒன்று கடைசல் லேத். பக்கத்துத் தெருக் கடைசல்காரர் ஒருவர் புது லேத் வாங்கியபோது எனக்குத் தள்ளிவிட்டது. கனமான மரப் படுக்கை, இரண்டு இரும்பு முனைகள், பெல்ட், அரைக் குதிரைத்திறன் மோட்டார், அவ்வளவுதான். இன்னொன்று நானே கட்டியது. அதை அலங்கார மில் என்று சொன்னால் கடைசல்காரர் சிரிப்பார். இரண்டு சி-சேனல் மேல் தண்டவாளம், அதில் ஓடும் வண்டி, வண்டியில் பெரிய ரௌட்டர், அதாவது பிட்டை வேகமாகச் சுற்றி மரத்தைக் குடையும் மோட்டார். கீழே மரத்தைப் பிடித்துத் திருப்ப, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய டிவைடிங் ஹெட். வண்டியை நகர்த்த 4 மி.மீ. பிட்ச் உள்ள லீட் ஸ்க்ரூ, அதாவது ஒரு சுற்றுக்கு வண்டியை 4 மி.மீ. தள்ளும் நீளத் திருகு. லீட் ஸ்க்ரூவையும் டிவைடிங் ஹெட்டையும் பல்சக்கரங்கள் கோக்கின்றன. கைப்பிடியைச் சுற்றினால் வண்டி நகரும், கூடவே மரமும் திரும்பும்.

லேத்தில் மரம் வேகமாகச் சுற்றுகிறது, உளி கையில் நிற்கிறது. மில்லில் வெட்டும் பிட் வேகமாகச் சுற்றுகிறது, மரம் ஆமை வேகத்தில் திரும்புகிறது. அதனால் லேத்தில் எதைச் செய்தாலும் அது வட்டமாகத்தான் வரும். புரி, வரிப்பள்ளம், இதழ் எல்லாம் வட்டத்தை மீறிய வடிவங்கள். லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, இந்த இரண்டு வேலையையும் ஒரே லேத்தில் செய்யும்படி கருவிகள் செய்து விற்றார்கள். பெரும்பாலும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு அது. தந்தத்திலும் கருங்காலியிலும் டப்பா கடைவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, இரண்டையும் தனித்தனியாக வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இந்த மில்லைக் கட்டிய புதிதில், இனி லேத்துக்கு வேலை குறையும் என்று நினைத்தேன். நேர் எதிராகத்தான் நடந்தது. ஒழுங்காக உருட்டாத கட்டையை மில்லில் ஏற்றினால், பள்ளம் ஓரிடத்தில் 9 மி.மீ. ஆழம், அதற்கு எதிர்ப்பக்கம் 7 என்று போகும். கண்ணுக்கு உடனே தெரியாது, பாலிஷ் போட்டதும் பல்லைக் காட்டும்.

மரத்துக்கு இடித்த வீட்டு நிலைச் சட்டம் ஒன்று கிடைத்தது. பழைய தேக்கு, நன்றாக வைரம் பாய்ந்தது. காந்தத்தை வைத்துத் தேடியதில் தலை போன மூன்று ஆணிகள் சிக்கின. பிடுங்கிவிட்டு 60க்கு 60 கட்டையாக அறுத்து, சதுரக் கட்டை வரும் முனையை மட்டும் 55க்கு இழைத்து மூலைமட்டம் பார்த்தேன். பிறகு இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறித்தேன். இங்கே ஒரு சின்ன வேலை, அதுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. லேத்தின் நாலு பல் முனையைப் போலவே ஒன்றை டிவைடிங் ஹெட்டுக்கும் கடைந்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரு பல்லை மட்டும் அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டேன். கட்டையைக் கழற்றி எத்தனை முறை மாற்றினாலும், சாய்ந்த பல் தன் தடத்தில்தான் உட்காரும். ஒரே மையம், ஒரே திசை. இதைச் செய்யாமல் முதல் வருடம் நான் வீணாக்கிய மரத்தில் ஒரு ஊஞ்சல் பலகை போட்டிருக்கலாம்.

லேத்தில் முதலில் சதுரக் கட்டையின் தோள்பட்டை. தேக்கின் மூலை சட்டென்று சிதறும், அதனால் சாய்வு உளியின் நுனியால் முதலில் கோடு கீறி நாரை அறுத்துவிட்டுப் பிறகுதான் இறங்கினேன். மிச்சத்தை வளைவு உளியால் உருட்டி, காலிப்பர் 51 காட்டியதும் நிறுத்தி, சாய்வு உளியால் 50க்கு வழித்தேன். வழிக்கும்போது சீவல் நீளச் சுருளாக வந்தால் உளி கூர், பொடியாக வந்தால் தீட்டப் போக வேண்டும். தேக்கில் மணல்சத்து இருக்கிறது, கூர் சீக்கிரம் போகும். இந்த ஒரு காலுக்கு நான்கு முறை தீட்டினேன். அறை முழுக்கத் தோல் வாடை, மூக்கில் தூள். முகமூடி போட்டும் மூன்று நாள் தும்மினேன்.

முறுக்குப் பகுதி 384 மி.மீ. நீளத்துக்கும் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். நடுவில் 0.25 மி.மீ. குழி. அதைச் சரிசெய்ய முழுவதும் 49.5க்கு இறக்க வேண்டியிருந்தது. வளையங்களையும் மணியையும் இப்போது முழுதாக முடிக்கவில்லை, ஒரு மி.மீ. கூடுதலாக விட்டுவைத்தேன். ரௌட்டர் வளையத்தில் உரசினாலும் பிறகு கடைந்து மறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மில். டிவைடிங் ஹெட்டுக்குள் இருக்கும் வார்ம் என்ற திருகு 40 முறை சுற்றினால் மரம் ஒரு முறை திரும்பும். லீட் ஸ்க்ரூவையும் வார்மையும் ஒன்றுக்கு ஒன்றாகக் கோத்தால் 40 சுற்றில் வண்டி 160 மி.மீ. நகரும், அதுதான் அந்த அமைப்பின் லீடு. எனக்கு வேண்டியது 96, அதாவது லீட் ஸ்க்ரூ 24 சுற்று சுற்றும்போது வார்ம் 40 சுற்ற வேண்டும். லீட் ஸ்க்ரூவில் 40 பல் சக்கரம், வார்ம் பக்கம் 24 பல் சக்கரம். ஹெட்டோடு வந்த சக்கரப் பெட்டியில் இரண்டுமே இருந்தன. நடுவில் தூரத்தை நிரப்ப 32 பல் சக்கரம் ஒன்று. நடுச் சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது. ஆனால் நடுவில் ஒன்று போட்டால் மரம் ஒரு பக்கம் திரும்பும், இரண்டு போட்டால் மறுபக்கம்.

எந்தப் பக்கம் என்பதுதான் நோட்டில் இல்லாத விஷயம். மேசையின் வலது ஜோடி ஒரு பக்கமும் இடது ஜோடி மறுபக்கமும் முறுக்கியிருக்கும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. மாமாவிடம் இருப்பது பட்டன் போன், படம் அனுப்ப வழியில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாமா, முன்னாடி இருக்கிற இடது காலைக் கொஞ்சம் பாருங்க. முறுக்கு எந்தப் பக்கம் போகுது?"

ஐந்து நிமிடம் கழித்து வந்தார். "வலம்புரிங்க மாப்பிள்ளை. நல்லாப் பார்த்துட்டேன்."

வலம் என்றால் வலது. கடையில் வாங்கும் மரையாணி போல் வலது பக்க முறுக்கு. சரி என்று நடுவில் ஒரு சக்கரத்தைப் போட்டு ஆரம்பித்தேன்.

பிட் 19 மி.மீ. விட்டம், உருண்டை மூக்கு, கார்பைட் நுனி. ரௌட்டரை நிமிடத்துக்கு 16,000 சுற்றில் வைத்து, மூன்று மூன்று மி.மீ. ஆக மூன்று முறை இறக்கி 9 மி.மீ. ஆழம். ஒரு புரியை ஒரு முறை ஓட்ட லீட் ஸ்க்ரூவை 96 தடவை சுற்ற வேண்டும். இரண்டு புரிக்கும் சேர்த்து 576 சுற்று. தோள்பட்டை வலிக்கு அன்று இரவு தைலம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரௌட்டரைத் தூக்கிவைத்துக்கொண்டு, தொடக்கக் கோட்டுக்கு ஒரு விரற்கடை பின்னாலிருந்தே கைப்பிடியைச் சுற்றி வருவேன். வார்மிலும் சக்கரங்களிலும் உள்ள ஆட்டம் அதற்குள் எடுபட்டுவிடும். கோடு வந்ததும் பிட்டை இறக்க வேண்டும். இறக்கிவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் அந்த இடம் கருகும். முதல் புரியின் ஆரம்பத்தில் எட்டணா அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு அப்படி வந்ததுதான். முடிந்ததும் தூக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தூக்காமல் பின்னோக்கிச் சுற்றினால் அதே ஆட்டம் பிட்டை ஒரு சுவர் மேல் சாய்த்துக் கோடு போட்டுவிடும்.

இரண்டாவது புரிக்கு மரத்தை அரை வட்டம் திருப்ப வேண்டும். டிவைடிங் ஹெட்டின் துளைத்தட்டிலிருந்து முளையை இழுத்து, கைப்பிடியை 20 சுற்றுச் சுற்றி, அதே துளையில் முளையை விட்டேன். சக்கரங்களைத் தொட வேண்டியதே இல்லை. அந்த ஹெட்டைச் செய்தவனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு. சுற்றை மட்டும் வாய்விட்டு எண்ண வேண்டும். நடுவில் பையன் வந்து "அப்பா, சாப்பிட வா" என்றால் பத்தொன்பதா இருபதா என்று தெரியாது. சாக்பீஸால் தட்டில் கோடு போட்டுக்கொள்வது உத்தமம்.

முறுக்குப் பள்ளத்தில் ஒரு சுவர் வழவழப்பாகவும் எதிர்ச் சுவர் பிசிறாகவும் வரும். சாய்வாகப் போகும் வெட்டு ஒரு சுவரில் நாரைப் படியவைத்தும் மறு சுவரில் கிளப்பிவிட்டும் போவதால் அப்படி. கடைசி ஓட்டத்தை அரை மி.மீ. மட்டும் வைத்து, கையை இன்னும் மெதுவாக்கினால் பிசிறு பாதியாகக் குறைகிறது. மிச்சத்துக்கு அரம்தான்.

மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் சோதித்தபோது பள்ளம் 0.7 மி.மீ. ஆழம் குறைவு. அந்த முனை அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. தகரத் தகட்டை வெட்டி அடியில் கொடுத்துத் தூக்கி, மீண்டும் ஒரு ஓட்டம் ஓட்டினேன். இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை கால் முடிந்த மாதிரி இருந்தது. பாலிஷ் போடாமல் துணியில் சுற்றிப் பொள்ளாச்சிக்குப் பேருந்தில் கொண்டுபோனேன், வைத்துப் பார்க்க. முன் காலுக்குப் பக்கத்தில் வைத்ததுமே தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பது போல் நேர் எதிர்.

"வலம்புரின்னு சொன்னீங்களே மாமா!"

"ஆமா, வலம்புரிதானே இது?" என்று பூஜை அறையிலிருந்து சங்கை எடுத்துவந்தார். "நம்ம சங்கு இடம்புரி. இந்தக் கால் அதுக்கு எதிரா சுத்துது. அப்போ வலம்புரிதானே?"

சங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. எங்கும் கிடைக்கும் சாதாரணச் சங்கைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். ஆனால் அது சுற்றுவது சாதாரண மரையாணி சுற்றும் பக்கம்தான். லேத் பட்டறையில் வலது மரை என்பது பூஜை அறையில் இடம்புரி. வலம்புரிச் சங்கோ இடது மரை. அதனால்தான் அது அபூர்வம், அதனால்தான் அந்த விலை. கடைந்தெடுத்த முட்டாள் என்று நம் பக்கம் திட்டுவார்கள், எனக்கு அன்று எல்லா வகையிலும் பொருந்தியது. தவறு மாமாவுடையதும் இல்லை. மெல்லிய தாளைக் காலைச் சுற்றி ஒட்டிப் பென்சிலால் தேய்த்திருந்தால், பொங்கலன்றே லீடும் பக்கமும் ஒன்றாகக் கிடைத்திருக்கும். இந்தமுறை அதைச் செய்துகொண்டுதான் வீடு திரும்பினேன்.

ஊர் வந்ததும் கடைசல்காரரிடம் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முறுக்கு நல்லா வந்திருக்குங்க தம்பி. ஆனா மெசின்ல வந்ததுன்னு தெரியுது" என்றார். எப்படித் தெரியுது அண்ணா என்றேன். "கயிறு இப்படி முனையில சட்டுன்னு நிக்காதுங்களே."

உண்மைதான். என் பள்ளங்கள் இரண்டு முனையிலும் பிட்டின் வட்டமாகவே நின்றிருந்தன. புரிகளும் மேல்பக்கம் தட்டையாக இருந்தன, கயிறு போல் உருண்டிருக்கவில்லை. அவருடைய அப்பா காலத்தில் முறுக்குக் காலைக் கையாலேயே செய்வார்களாம். உருட்டிய கட்டையில் நூலைச் சுற்றிக் கோடு போட்டு, கோட்டின் மேல் வாளால் ஆழம் அறுத்து, இரு பக்கமும் உளியால் சரித்து, அரத்தால் உருட்டுவது. பல்சக்கரமே தேவையில்லை, கண் தேவை. 17ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் முறுக்குக் கம்புகள் வைத்து நாற்காலிகள் செய்திருக்கிறார்கள். அவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, நூறு ஆண்டு கழித்து ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றைத் தன் நாட்டு டியூடர் காலத்து வேலை என்றே நம்பித் தன் வீட்டுக்கு வாங்கிச் சேர்த்தார்.

இரண்டாவது கால் விறுவிறுவென்று நடந்தது. டெயில்ஸ்டாக் முன்பே சரி, நடுவில் 32 பல்லோடு 28 பல் சக்கரமும் போட்டாயிற்று, பக்கம் மாறியது. வெட்டத் தொடங்கும் முன் ரௌட்டரில் பிட்டுக்குப் பதில் பென்சிலைக் கட்டி, ஒரு முழு ஓட்டம் கோடு மட்டும் போட்டு, தேய்த்த தாளோடு ஒத்துப் பார்த்தேன். பத்து நிமிட வேலை. இந்தமுறை பள்ளத்தின் கடைசிக் கால் சுற்றில் ரௌட்டரைக் கையால் மெல்லத் தூக்கிக்கொண்டே போனேன், பள்ளம் தானாக மேலேறி மறைந்தது. ஒரு முனையில் நன்றாக வந்தது, மறுமுனையில் சுமார்.

பிறகு மறுபடி லேத்துக்கு. கால் லேத்தில் பூட்டியிருக்கிறது, ஆனால் மோட்டார் ஓடவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே புரிகளின் தட்டையான மேல்பக்கத்தை அரத்தால் உருட்டினேன். இரண்டு பள்ளமும் எதிரெதிராகப் போவதால் நடுவில் மிஞ்சுவது 32 மி.மீ. தடிமன்தான். முறுக்கின் மேல் உளியை வைத்து லேத்தை ஓட்டினால் உளி ஒவ்வொரு புரியிலும் இடித்துத் துள்ளும், மரமும் போகும், விரலும் போகலாம். உப்புத்தாளையும் ஓடவிட்டுப் பிடிக்கக் கூடாது, புரியின் உருட்சியைத் தட்டையாக்கிவிடும். துணி ஒட்டிய உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, பள்ளத்தின் போக்கிலேயே இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். 80, 120, 180 என்று மூன்று சுற்று. இதற்கு மட்டும் இரண்டு மாலை ஆனது. மில் ஓடிய நேரம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் இருக்காது.

முறுக்கு முடிந்த பிறகே பெல்ட்டை மாட்டி, லேத்தை மெதுவான வேகத்தில் ஓட்டி, விட்டுவைத்திருந்த ஒரு மி.மீ.யை எடுத்து வளையங்களையும் மணியையும் பாதத்தையும் முடித்தேன். ரௌட்டர் உரசிய தடம் எல்லாம் அந்த ஒரு மி.மீ.யோடு போயின. பள்ளம் சுமாராக நின்ற முனையைச் சின்ன வளைவு உளியால் கையாலேயே சரித்துவிட்டேன். கடைசல்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தடவிக் கொடுத்தார். அவர் அகராதியில் அது பாராட்டு.

புதிதாக வழித்த தேக்கு வெளிறியும் திட்டுத் திட்டாகவும் இருந்தது. நான்கு நாள் மொட்டை மாடி வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டதில் நிறம் இறங்கி ஒன்றுபட்டது. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, கொஞ்சம் பழுப்புப் பொடி கலந்து, பஞ்சைத் துணியில் பொதிந்து எட்டுக் கை போட்டேன். பள்ளத்துக்குள் பஞ்சுப்பொதி போகவில்லை, அங்கே தூரிகைதான். சட்டத்தின் கழுந்துகள் இறங்கும் துளைகளைக் கடைசியில்தான் வெட்டினேன். நான்கு முகத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை வெளியே வைக்க அப்போதுதான் வாய்ப்பு இருக்கும். தேக்கில் எண்ணெய் அதிகம், பசை பிடிக்காமல் நழுவும். துளையையும் கழுந்தையும் தின்னரால் துடைத்து, உலர்ந்ததும் ஃபெவிகால் தடவி இறுக்கி, ஒரு இரவு கயிறு கட்டி வைத்தோம்.

மேசை இப்போது நாலு காலில் நிற்கிறது. நிறம் மட்டும் இன்னும் ஒரு கை இளசு. உள்பக்க முகத்தில், புரி தொடங்கும் இடம் மற்றக் கால்களைவிட 2 மி.மீ. தள்ளி இருக்கிறது. தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். வேப்பங்கட்டையை மாமா எறியவில்லை, திண்ணை ஓரத்திலேயே சாத்தி வைத்திருக்கிறார். ஏன் மாமா என்றேன். "முன்னாடி வலது காலைத் தட்டினா கொஞ்சம் டொக்குன்னு கேக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அது இடம்புரி. பக்கம் மாறிப் போன என் முதல் காலை இன்னும் எரிக்கவில்லை, பரண் மேல்தான் இருக்கிறது.